ஏசிக்கு 20,300 ரூபாய் தண்டம்: எஞ்சின் மாற்றிய ஒரு பழைய காரின் கதை

எங்கள் வீட்டு மாருதி எஸ்டீம் கார் அப்பா 1997-இல் வாங்கியது. கார்புரேட்டர் வண்டி, அதாவது கம்ப்யூட்டர் இல்லாமல் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பழைய முறை. 2018 பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, திண்டிவனம் தாண்டியதும் ரேடியேட்டர் ஹோஸ் விட்டுவிட்டது. சூட்டு முள் சிவப்பைத் தொட்டதைப் பார்த்தேன். மேல்மருவத்தூர் வந்ததும் டீக்கடையில் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். அந்த டீயின் விலை ஒரு எஞ்சின். ஹெட் வளைந்து, பிளாக்கிலும் விரிசல் விழுந்துவிட்டது.

"இதே கார்புரேட்டர் எஞ்சின் நல்லதா கிடைக்காது சார். எம்பிஎஃப்ஐ போட்டுடலாம். அதே பாடிதானே, உட்காரும்" என்றார் மெக்கானிக். எம்பிஎஃப்ஐ என்றால், கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து பெட்ரோலைப் பீச்சும் எஞ்சின். பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் 2003 எஸ்டீமிலிருந்து கழற்றிய எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய்க்குக் கிடைத்தது. டேங்குக்குள் எலெக்ட்ரிக் பம்பு வேண்டும் என்பதால் டேங்கையும் மாற்றி, கூலியோடு இன்னொரு 21,000. அந்த 55,000 பற்றி எனக்கு வருத்தமே இல்லை. வண்டி அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆனது, தாம்பரம் மேம்பாலத்தில் நாலாவது கியரிலேயே ஏறியது. நான் எழுத வந்தது அதற்கப்புறம் மூன்று மாதம் ஏசிக்காக அலைந்த அலைச்சலைப் பற்றி. இதை முன்பே பட்ட ஒருவர் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால், கத்திரி வெயிலில் அம்மாவை ஜன்னல் திறந்த காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்க மாட்டேன்.

மார்ச் முதல் வாரம் வண்டியை எடுத்தேன். பானெட்டைத் திறந்து காட்டினார்கள். எஞ்சின் முழுக்க சில்வர் பெயின்ட் அடித்து, ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரசர் மாட்டும் பிராக்கெட் வரைக்கும் பளபளவென்று வைத்திருந்தார்கள். எனக்கு வாயெல்லாம் பல். இந்தப் பெயின்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடி வரும். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். ஏசி போட்டுப் பார்க்கவில்லை. காலை ஏழரை மணி, தேவைப்படவில்லை. எஞ்சின் மாற்றிய வண்டியை எடுக்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கடைசி ஐயாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏசியைப் போட்டுவிட்டு, இறங்கி பானெட்டுக்கு முன்னால் போய் நில்லுங்கள். கம்ப்ரசர் 'டக்' என்று பிடிக்கிறதா, கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா, எஞ்சின் அணையாமல் நிற்கிறதா. இந்த மூன்றையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பணம் கைமாறிய பிறகு அதே கேள்விகளைக் கேட்டால், "அது ஏசி வேலை சார், நம்மது எஞ்சின் வேலை" என்ற பதில்தான் வரும். எனக்கு வந்தது.

மறுநாள் மதியம் கிண்டியிலிருந்து வரும்போது ஏசி போட்டேன். காற்று வந்தது, குளிர் வரவில்லை. பக்கத்து ஏசி கடையில் பையன் ஒருவன் வென்ட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் இல்ல சார்" என்றான். கேஸ் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டவில்லை, பானெட்டைக்கூட முழுசாகத் தூக்கவில்லை. இருந்த கேஸை வெளியேற்றிவிட்டுப் புதிதாக அடித்தான். 1,600 ரூபாய். குளிர் வரவில்லை. "கம்ப்ரசர் ஓடலையே சார்" என்றான், அப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி.

எஞ்சின் மாற்றும்போது எங்கள் மெக்கானிக் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். பழைய கம்ப்ரசரைப் பைப்போடு அப்படியே ஓரமாகக் கட்டித் தொங்கவிட்டு, பைப்பைத் திறக்காமலே புது எஞ்சினில் மாட்டியிருந்தார். அதாவது கேஸ் போக வழியே இல்லை. எனக்கு அது தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அந்த 1,600 மிச்சம். கேஜ் மாட்டிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். நிறுத்தியிருக்கும் வண்டியில் ஆர்-134ஏ கேஸ், 30 டிகிரி வெப்பத்தில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 100 பி.எஸ்.ஐ. காட்டும். அளவு சரியாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது, ஆனால் கேஸ் காலியாகவில்லை என்பதைச் சொல்லிவிடும். ஏசி போட்ட பிறகும் இரண்டு முள்ளும் அதே இடத்தில் நின்றால் கம்ப்ரசர் சுற்றவில்லை என்று அர்த்தம். கேஜ் மாட்டாமல் கேஸ் என்று பேசுகிற கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது கடை பெரிய கடை, கண்ணாடிக் கதவு, டோக்கன் எல்லாம் உண்டு. அங்கே கேஜ் மாட்டினார்கள். பேட்டரியிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கம்ப்ரசர் கிளட்சுக்கு (கரண்ட் வந்ததும் கம்ப்ரசரைப் பிடித்துச் சுற்ற வைக்கும் காந்தத் தட்டு) டைரக்ட் கொடுத்தார்கள். கிளட்ச் பிடித்தது, ஆனால் கீச்சென்று சத்தம் போட்டு வழுக்கியது, லேசாகக் கருகல் வாசனையும் வந்தது. "கிளட்ச் போயிடுச்சு, தனியா கிடைக்காது, கம்ப்ரசரா மாத்திடுங்க" என்றார்கள். ரீகண்டிஷன் கம்ப்ரசர், டிரையர், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 9,800. மாலையில் போனால், "கம்ப்ரசர் புதுசு சார், ஆனா லைன் வரல. எலெக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க, எங்க வேலை முடிஞ்சது" என்கிறார்கள். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சண்டை போடத் தெரிந்த ஆளாக இருந்தால் போட்டிருப்பேன். எனக்குக் கோபம் வருவதே வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான்.

மூன்றாவது ஆள் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். அரை மணி நேரம் டெஸ்ட் லேம்பை இங்கும் அங்கும் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த வயரிங் புரியல சார், தனி சுவிட்ச் போட்டுத் தர்றேன்" என்றார். பேட்டரியிலிருந்து ஒரு வயர், டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச், அங்கிருந்து கம்ப்ரசருக்கு இன்னொரு வயர். 700 ரூபாய். ஏசி ஓடியது! அன்றைக்கு மனைவியையும் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு சும்மாவே வண்டலூர் வரை போய்வந்தேன்.

அந்தச் சந்தோஷம் ஒன்பது நாள். முதலில் சிக்னலில் நின்றால் எஞ்சின் உதறி அணைந்துபோகும். கிளப்பி, நின்று, மறுபடி கிளப்பி, பின்னால் பஸ்காரர் ஹாரனில் கையை எடுக்கவே மாட்டார். அடுத்தது, முக்கால் மணி நேரம் ஓடினால் காற்று குறைந்துகொண்டே வந்து கடைசியில் வராமலே போகும். அணைத்துவிட்டால் கால் மணி நேரத்தில் பக்கத்து சீட்டின் காலடியில் தண்ணீர் ஒழுகும். மூன்றாவது அந்தக் கீச் சத்தம். புதுக் கம்ப்ரசரிலும், சூடு ஏறியதும் அதே கீச். அப்போது ஒவ்வொன்றையும் ஒரு தனி வியாதி என்று நினைத்தேன். உண்மையில் முதல் இரண்டும் அந்த 700 ரூபாய் சுவிட்சின் பிள்ளைகள். ஏசி ஓடுவது ஈ.சி.எம்-முக்குத் தெரியாததால் அது ஐட்லிங்கை (வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தை) ஏற்றிவிடவில்லை, சுமை தாங்காமல் எஞ்சின் அணைந்தது. கூலிங் காயில் பக்கம் இருக்கும் சென்சார், உறையும் நிலைக்கு வந்ததும் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்ல வேண்டும். தனி சுவிட்ச் அதைத் தாண்டிப் போய்விட்டதால் காயிலில் பனி கட்டிக் காற்று அடைத்தது. கேஸ் அழுத்தம் எல்லை மீறினால் துண்டிக்கிற பிரஷர் சுவிட்சும் அதே மாதிரி கணக்கிலேயே இல்லை. டைரக்ட் கொடுப்பது கிளட்சுக்கு உயிர் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் சோதிக்க மட்டும். அதை நிரந்தரமாக வைத்து ஓட்ட யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள்.

பத்தாவது நாள், ஏப்ரல் கடைசி. அம்மாவுக்குக் கண் பரிசோதனை முடித்துக் கூட்டி வருகிறேன். பெருங்களத்தூரில் வண்டிகள் நகராமல் நிற்கின்றன. பிளாஸ்டிக் உருகும் வாசனை. முன்னால் நிற்கும் லாரி என்று நினைத்து ஜன்னலை ஏற்றினேன், வாசனை கூடியது. பானெட் ஓரத்திலிருந்து ஒரு நூல் அளவுக்கு வெள்ளைப் புகை. சுவிட்சை அணைத்தேன், சாவியைத் திருப்பினேன், புகை நிற்கவில்லை. அம்மாவை இறக்கி ஓரமாக நிற்க வைத்துவிட்டு பானெட்டைத் தூக்கினால், பேட்டரியிலிருந்து வந்த அந்தச் சிவப்பு வயர் எக்ஸாஸ்ட் பக்கம் சரிந்து, உறை உருகி, உள்ளே செம்புக் கம்பி பழுத்துக்கொண்டிருக்கிறது. பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் நடுவில் உள்ள வயர் அது, சுவிட்சை அணைத்து என்ன பயன்? பேட்டரி டெர்மினலைக் கழற்ற வேண்டும், என்னிடம் ஸ்பேனர் இல்லை. கையால் திருகிப் பார்க்கிறேன், நட்டு அசையவில்லை. பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோ டிரைவர் சீட்டைத் தூக்கி 10-ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடிவந்து இரண்டே திருகில் கழற்றினார். பக்கத்தில் ரேடியேட்டர் ஹோஸ், அதற்குக் கீழே பெட்ரோல் பைப். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வயரில் ஃபியூஸ் இல்லை, அவ்வளவுதான் விஷயம். பேட்டரியில் தொடங்குகிற எந்த வயருக்கும், பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ் வேண்டும். கம்ப்ரசர் கிளட்ச் காயிலின் தடை 3 முதல் 4 ஓம் வரை இருக்கும், 12 வோல்ட்டில் மூன்று நான்கு ஆம்பியர்தான் இழுக்கும். 10 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். பத்து ரூபாய்ச் சாமான் அது. அதற்குப் பதிலாக நான் கொடுத்தது, வண்டியைக் கட்டி இழுத்துவர 1,800, எரிந்த வயர்களை மாற்ற 1,900. இப்போதும் எங்கள் காரில் டேஷ்போர்டு டிராயருக்குள் ஒரு 10-ஆம் நம்பர் ஸ்பேனர் கிடக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. எஞ்சின் மாற்றிய மெக்கானிக்கிடமே போனேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஈ.சி.எம். போயிருக்கும் சார், அதான் ஏசிக்கு சிக்னல் தரல" என்றார். வண்டி தினமும் நன்றாக ஓடுகிறது, பெட்ரோல் குடிப்பது சரியாக இருக்கிறது, செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை. ஈ.சி.எம். எப்படிப் போயிருக்கும் என்று கேட்கத் தெரியவில்லை. புதுப்பேட்டையில் 4,500 கொடுத்துப் பழைய ஈ.சி.எம். ஒன்று வாங்கி மாட்டினோம். ஒரு மாற்றமும் இல்லை. கடைக்காரர் மேல் தப்பு இல்லை, கேட்டதைக் கொடுத்தார். எலெக்ட்ரிக்கல் சாமான் கழற்றிக் கொடுத்தால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று முதலிலேயே சொல்லித்தான் கொடுத்தார். அந்தத் தொகையை வீட்டில் சொல்லவில்லை. சட்டைப் பையில் இருந்த பில்லைத் துவைக்கும்போது மனைவி எடுத்துவிட்டாள். "இதுக்கு ஒரு புது ஏசியே வீட்டுக்கு வாங்கியிருக்கலாம்" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கத்திரி முடிந்தது, வெயில் முடியவில்லை. பெருங்களத்தூரில் ஸ்பேனர் கொடுத்த அந்த ஆட்டோ டிரைவரை ஒருநாள் தற்செயலாகப் பார்த்தேன். "இன்னும் ஏசி சரியாகலையாண்ணே? சானடோரியம் பக்கம் ஒரு பாய் இருக்காரு, பஸ் வயரிங் பார்க்கிறவரு, அவர்கிட்ட காட்டுங்க" என்றார். ஜூன் இரண்டாவது ஞாயிறு காலை போனேன். அறுபது வயசு இருக்கும். பானெட்டைத் திறக்கவே இல்லை, முதலில் ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். "எஞ்சின் மாத்துறதுக்கு முந்தின நாள் ஏசி ஓடுச்சா தம்பி?"

"நல்லா ஓடுச்சு பாய்."

"அப்போ கெட்டுப்போனது ஒண்ணுமில்ல. கழட்டுனதுதான் இருக்கு. கழட்டுன கை எங்கெல்லாம் போச்சோ அங்க மட்டும் பார்ப்போம்."

மூன்று மாதத்தில் ஒருவர்கூட என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் விற்கிற சாமானையே நோயாகப் பார்த்தார்கள். கேஸ்காரருக்குக் கேஸ், கம்ப்ரசர்காரருக்குக் கம்ப்ரசர்.

பாய் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், 350 ரூபாய் மல்டிமீட்டர் வைத்திருக்கும் யாரும் பின்பற்றலாம். முதலில் எஞ்சினை ஓடவிட்டு, ஏசியையும் புளோயரையும் போட்டுவிட்டு, கம்ப்ரசர் கிளட்ச் கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தார். பூஜ்யம். சரி, கரண்ட் இங்கே வரவில்லை. அடுத்து எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, ஏசி ரிலேயை (சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) பிடுங்கி அதன் அடித்தளத்தில் பார்த்தார். ரிலேயின் அடியில் எண் போட்டிருக்கும்: 30, 87 என்ற இரண்டும் பெரிய கரண்ட் போகும் வழி, 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் சின்னக் காயிலுக்கு. 30-இல் பேட்டரி வோல்ட் இருந்தது. 86-இலும் இருந்தது. கனெக்டரைத் திரும்ப மாட்டிவிட்டு, ஃபியூஸ் வைத்த ஒரு துண்டு வயரால் 30-ஐயும் 87-ஐயும் இணைத்தார், கம்ப்ரசர் 'டக்' என்றது. ஆக கிளட்ச் இருக்கிறது, எரிந்தபோது மாற்றிய வயரும் சரி, ரிலேக்கு வரும் கரண்டும் சரி. "சாமான் எல்லாம் ரெடியா இருக்கு, உத்தரவுதான் வரல" என்றார்.

உத்தரவு ஏன் வரவில்லை என்பதில்தான் எஞ்சின் மாற்றிய வண்டிகளின் சூட்சுமமே இருக்கிறது. எங்கள் பழைய கார்புரேட்டர் வண்டியில் ஈ.சி.எம். கிடையாது. ஏசி சுவிட்சை அழுத்தினால் கரண்ட், கூலிங் காயில் சென்சாரின் பெட்டி வழியாக, பிரஷர் சுவிட்ச் வழியாக நேராக ரிலேக்குப் போகும், ரிலே பிடிக்கும். அங்கே சுவிட்ச்தான் முதலாளி. எம்பிஎஃப்ஐ எஞ்சினில் சுவிட்ச் வெறும் விண்ணப்பம்தான் போடுகிறது. விண்ணப்பம் ஈ.சி.எம்-முக்குப் போகும். எஞ்சின் ரொம்பச் சூடாக இருக்கிறதா, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்திருக்கிறார்களா என்று அது பார்த்து, முதலில் ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, அப்புறம்தான் ரிலேக்குக் கையெழுத்துப் போடும். அதுவும் பழைய வண்டியில் பிளஸ் கொடுத்து ரிலேயை வேலை வாங்கினார்கள், இந்த ஈ.சி.எம். எர்த், அதாவது மைனஸ் கொடுத்து வேலை வாங்குகிறது. எங்கள் மெக்கானிக் எஞ்சின் ஓடத் தேவையான வயர்களை எல்லாம் ஒழுங்காகச் சேர்த்திருந்தார். ஏசி வயர்கள் இல்லாமலும் எஞ்சின் ஓடுமே. பாய் டேஷ்போர்டு டிராயரைக் கழற்றிக் கையை உள்ளே விட்டு, ஈ.சி.எம். கட்டிலிருந்து இரண்டு வயர்களை வெளியே இழுத்தார். இரண்டு நுனியிலும் கறுப்பு டேப் அழகாகச் சுற்றி மடித்து வைத்திருந்தது. ஒன்று விண்ணப்ப வயர், இன்னொன்று கையெழுத்து வயர். மூன்று மாதமாக என் முழங்காலுக்கு ஒரு முழ தூரத்தில் தூங்கிக்கொண்டிருந்தன.

எந்தப் பின், எந்த நிறம் என்று நான் எழுதப்போவதில்லை. வண்டிக்கு வண்டி மாறும், என்னுடையதைப் பார்த்து வேறு வண்டியில் சேர்த்தால் ஈ.சி.எம். புகைந்துவிடும். எஞ்சின் எந்த வருட மாடலிலிருந்து வந்ததோ அந்த வருடத்து வயரிங் படத்தை வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். முடிந்தால் எஞ்சின் வாங்கும்போதே, அந்த வண்டியின் ரிலே பாக்ஸையும் வயரை வெட்டாமல் கனெக்டரோடு கேட்டு வாங்குங்கள். பாய் இன்னொன்றும் சொன்னார்: ஈ.சி.எம். வயரில் பல்பு வைத்த டெஸ்ட் லேம்பைத் தொடவே கூடாது, அது இழுக்கும் கரண்டையே உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் தாங்காமல் போகலாம், மீட்டர் மட்டும்தான். எனக்கு 700 ரூபாய் சுவிட்ச்காரர் அரை மணி நேரம் டெஸ்ட் லேம்ப் வைத்தது ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது. நல்லவேளை, ஈ.சி.எம். தப்பித்திருந்தது.

சென்சார் பெட்டியிலிருந்து வரும் வயரைப் பிரஷர் சுவிட்ச் வழியாக விண்ணப்ப வயரில் சேர்த்தார். ரிலேக்குப் புது அடித்தளம் போட்டு 85-ஐக் கையெழுத்து வயரில் கொடுத்தார். கண்டென்சர் ஃபேன் ரிலேயையும் இதோடு சேர்த்து ஓடும்படி செய்தார். ஸ்டார்ட் பண்ணி ஏசி சுவிட்சை அழுத்தச் சொன்னார். எஞ்சின் சத்தம் ஒரு மாத்திரை கூடியது, அதற்கப்புறம் 'டக்'. அணையவில்லை, உதறவில்லை. நான் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இருங்க தம்பி, அந்தக் கீச் இன்னும் இருக்கு" என்று கையை விடுவித்துக்கொண்டார்.

இருபது நிமிடம் ஓடவிட்டதும் கீச் வந்தது. கிளட்ச் பிடித்திருக்கும்போதே வயரில் வோல்ட் பார்த்தார்: 13.6. போதுமான கரண்ட். அப்புறம் மீட்டரின் ஒரு முனையைக் கம்ப்ரசர் உடம்பிலும் இன்னொன்றைப் பேட்டரி மைனஸிலும் வைத்தார். அங்கே பூஜ்யத்துக்குப் பக்கத்தில், அதிகம் போனால் 0.2 வோல்ட் காட்ட வேண்டும். 3.8 காட்டியது. எங்கள் கம்ப்ரசர் கிளட்சுக்கு ஒரே வயர்தான், எர்த் கம்ப்ரசர் உடம்பு வழியாக, பிராக்கெட் வழியாக, எஞ்சினுக்குப் போகிறது. பிராக்கெட்டின் இரண்டு முகத்திலும் போல்ட்டு உட்காரும் இடத்திலும் அந்த அழகான சில்வர் பெயின்ட். 13.6-இல் 3.8 பெயின்டிலேயே போய்விட்டால் காயிலுக்கு மிஞ்சுவது 9.8. காந்தம் பலவீனம், சூடானதும் இன்னும் பலவீனம், தட்டு வழுக்கத்தானே செய்யும். அதாவது நான் 9,800 கொடுத்துத் தூக்கி எறிந்த பழைய கம்ப்ரசரில் ஒரு கோளாறும் இருந்திருக்காது. இதைப் புரிந்துகொண்ட நிமிடம் பாய் கடை வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

போல்ட்டுகளைக் கழற்றி, உப்புத்தாளால் பெயின்டைச் சுரண்டி, கம்ப்ரசர் போல்ட்டிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் தனியாக ஒரு எர்த் வயரும் போட்டார். மறுபடி மீட்டர்: 0.1. கீச் போயே போய்விட்டது. எஞ்சின் இறக்கி ஏற்றிய வண்டியில் எது சரியில்லை என்றாலும் முதலில் இந்த எர்த் சோதனையைச் செய்யுங்கள். வண்டி அணைந்திருக்கும்போது வெறும் தொடர்பு இருக்கிறதா என்று பீப் சத்தம் வைத்துப் பார்ப்பது போதாது, ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். சாமான் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ட் பார்த்தால்தான் குட்டு உடையும்.

அன்றைய செலவு: எர்த் வயர் 180, ரிலேயும் அடித்தளமும் 260, பாய்க்குக் கூலி 1,500. மொத்தம் 1,940. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரத்துக்கு அவர் கேட்டது அவ்வளவுதான். அதற்கு முன் போன தண்டத்தை நோட்டில் கூட்டிப் பார்த்தேன்: 1,600, 9,800, 700, 1,800, 1,900, 4,500. ஆக 20,300. இதில் ஆபீசுக்குப் போட்ட மூன்று அரை நாள் லீவு சேரவில்லை.

வயரிங்கோடு சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் எஞ்சின் மாற்றுகிறவர்கள் கேட்டுவிட்டு மறந்துவிடுவது. எஞ்சின் எண் மாறினால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதே மாடலுக்கு அதே மாடல் போடாமல் என்னை மாதிரி வகையே மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டு எஞ்சினில் கை வையுங்கள். வாங்கிய எஞ்சினுக்கு எண்ணோடு ரசீது கேட்டு வாங்குங்கள். இன்ஷூரன்சுக்கும் தெரிவியுங்கள். பெருங்களத்தூரில் அன்று வண்டி எரிந்திருந்தால் பேப்பரில் ஒரு எஞ்சின், பானெட்டுக்குள் வேறொரு எஞ்சின் என்று நான் யாரிடம் போய் நின்றிருப்பேன்?

நான் கிளம்பும் முன் பாய் ஒரு சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் ரிலே எது, ஃபியூஸ் எது, எந்த வயர் எங்கே போகிறது என்று வரைந்து கொடுத்தார். அதை லேமினேட் பண்ணி, ஸ்பேனருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். 4,500 ரூபாய் ஈ.சி.எம். பரணில் ஒரு பாலித்தீன் பையில் கிடக்கிறது. அதற்கப்புறம் ஒருமுறை புதுப்பேட்டை போனபோது விற்றுப் பார்க்கலாமே என்று எடுத்துக்கொண்டு போனேன். 600 ரூபாய்க்குக் கேட்டார்கள். திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.